பூஜ்யத்தைத் தின்றவர்

டிரிங்... டிரிங்... டிரிங்...!

பாசிர் கூடாங் போலீஸ் நிலையத்தின் தொலைபேசி காலையிலேயே அலறியது.

இன்ஸ்பெக்டர் ஆப்ரின் அப்போதுதான் தே தாரிக் தேநீரில் முதல் மிடறைக் குடித்திருந்தாள். எதிரே சார்ஜன் ஐயாசாமி. ஓய்வு பெறப் போகிறவர். காச்சாங் பூத்தே பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, வறுத்த கடலையை ஒவ்வொன்றாக மேலே வீசி வாயால் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆப்ரின் ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ, போலீஸ்..."

"என்னைக் கொன்னுட்டாங்க!"

ஆண் குரல். மூச்சிரைத்தது.

"யாருங்க பேசுறது?"

"டாக்டர் ஹேமநாதன்! தெராங் உணவு ஆய்வகத்தோட டைரக்டர்! என்னைக் கொன்னுட்டாங்க மேடம்... கொன்னுட்டாங்க!"

"சார்... கொன்னுட்டாங்கன்னு நீங்களே போன் பண்றீங்க. கொன்னவங்க வேலையை ஒழுங்கா முடிக்கலபோல இருக்கே?"

"விளையாடாதீங்க! விஷம்! மூணு மாசமா எனக்கு விஷம்! இப்பதான் தெரிஞ்சுது!"

"மூணு மாசமாவா? யாரு வச்சா?"

"பிரவீனா... என் லேப்புல இருக்கிற பிரவீனா... அவதான் இப்ப... அவதான்..."

தடால்!

அதற்குப் பிறகு அந்த முனையில் ஏர்கண்டிஷன் ஓடும் சத்தம் மட்டுமே கேட்டது.

ஐயாசாமி மேலே வீசிய கடலை, பிடிக்க ஆளில்லாமல் அவர் மூக்கில் பட்டுக் கீழே விழுந்தது.

"அலமாக்! என்னா மேடம்?"

"கிளம்புங்க சார்ஜன். ஒருத்தர் தன்னைக் கொன்னுட்டாங்கன்னு தானே போன் பண்ணிப் புகார் குடுத்திருக்காரு."

*

தெராங் உணவு ஆய்வகம்!

பாசிர் கூடாங்கின் தொழிற்சாலைப் புகைபோக்கிகளுக்கு நடுவே பளிச்சென்ற வெள்ளைக் கட்டடம். துறைமுகத்தில் இறங்குகிற கடலை, மிளகாய், சோளம், மசாலா... எல்லா மூட்டையிலிருந்தும் இங்கே மாதிரி வரும். பூஞ்சை நஞ்சு இருக்கிறதா, பூச்சிமருந்து இருக்கிறதா, சாயம் இருக்கிறதா என்று பார்த்து, 'மனிதர் தின்னலாம்', 'தின்னக் கூடாது' என்று இவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். நாம் நம்பித் தின்போம். வேறு வழி?

வரவேற்பறையில் ஆளுயரப் படம். வெள்ளைக் கோட்டில் டாக்டர் ஹேமநாதன். கையில் பூதக்கண்ணாடி. கீழே கொட்டை எழுத்தில்: 'உங்கள் தட்டுக்கு நான் காவல்!'

பக்கத்தில் இன்னொரு பேனர். வரும் சனிக்கிழமை ஜொகூர் பாருவில் விழா. டாக்டர் ஹேமநாதனுக்கு 'உணவுப் பாதுகாப்புச் செம்மல்' விருது! வழங்கிப் பெருமை கொள்பவர்: சதாசிவம், கடலை இறக்குமதியாளர்.

செம்மல் உள்ளே மேசையில் கவிழ்ந்து கிடந்தார்.

தொலைபேசி ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையில் ஒரு கிண்ணம். அதில் பாதி குடித்த வெளுத்த கஞ்சி. கரண்டி தரையில். மூலையில் தண்ணீர் சுடவைக்கும் கெட்டில். சுவரில் சிவப்பில் எழுதிய பலகை: 'இந்த வளாகத்தில் உண்ணவும் பருகவும் கூடாது. மீறினால் பணிநீக்கம். உத்தரவு: டைரக்டர்.'

ஐயாசாமி பலகையைப் படித்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

"பணிநீக்கம் ஆயிட்டாரு மேடம்" என்றார்.

"சும்மா இருங்க சார்ஜன். கஞ்சியைப் பத்திரப்படுத்துங்க. பாடியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

அப்போது ஒருவன் உள்ளே வந்தான். சலவை மடிப்புக் கலையாத சட்டை. வாசனைத் திரவியம் ஆளுக்கு முன்னால் நடந்து வந்தது. துணை டைரக்டர் யுகேந்திரன். துளி ஈரமில்லாத கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எவ்ளோ பெரிய மனுஷன் மேடம்... அப்பா மாதிரி எனக்கு!"

"யாரு மேல உங்களுக்குச் சந்தேகம்?"

"அய்யோ... நான் எப்படி மேடம் சொல்றது? கூட வேலை செய்யுற பொண்ணு..." கொஞ்சம் நிறுத்தினான். நிறுத்தியது போதும் என்று பட்டவுடன் கொட்டினான். "பிரவீனாதான் மேடம்! நேத்து சாயந்தரம் சார் ரூம்ல ஒரே சத்தம். 'இதுக்கு நீங்க அனுபவிப்பீங்க'ன்னு கத்திட்டு வெளிய வந்தா. லேப்புல பூஞ்சை நஞ்சு குப்பி எல்லாம் அவ அலமாரியிலதான் இருக்கு. அஃப்லாடாக்சின்! அதைவிட மோசமான பூஞ்சை நஞ்சு கிடையாது. நேரா ஈரல்லதான் கை வைக்கும்!"

"அதைக் கஞ்சியில கலந்திருப்பாங்கன்னு சொல்றீங்களா?"

யுகேந்திரன் கிண்ணத்தைப் பார்த்தான். முகத்தில் உண்மையான ஆச்சரியம்.

"கஞ்சியா? சார் இங்க சாப்பிட்டே நான் பார்த்ததில்லையே! அவரு எங்கயுமே சாப்பிட மாட்டாரு மேடம். ஊரே சொல்லும்."

ஆப்ரின் புருவத்தை உயர்த்தினாள்.

தான் சோதிக்காத எதையும் வாயில் வைக்காத மனிதர். அவருக்கு மூன்று மாதமாக விஷம் வைத்தது எப்படி?

*

ஹேமநாதனின் மனைவி கஸ்தூரி மாசாயில் இருக்கும் வீட்டிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினாள். அழுகையும் கோபமும் சரிபாதியாக இருந்தன.

"உக்காருங்கம்மா. காலையில வீட்டுல என்ன சாப்பிட்டாரு?"

"வீட்டுலயா?" கஸ்தூரி மூக்கைச் சிந்தினாள். "நான் ஆக்குன சோத்தை இந்த மனுஷன் தொட்டு எத்தனையோ வருஷம் ஆச்சு மேடம்! மிளகாத்தூள்ல சாயம்பாரு. மீனுல பாதரசம்பாரு. கத்திரிக்காய்ல பூச்சிமருந்துன்னுவாரு. காத்துல கெமிக்கல்னு நாலு அடி நடக்க மாட்டாரு, எங்கயும் கார்தான். கல்யாண வீட்டுக்குப் போனா மொய் வச்சுட்டுப் பச்சத்தண்ணி குடிக்காம வந்துருவாரு. எங்கம்மா ஆசையா பாயசம் குடுத்தாங்க. அதை லேப்புக்குக் கொண்டுபோய் டெஸ்ட் பண்ணிட்டு வந்தாரு!"

"ரிசல்ட்?" என்றார் ஐயாசாமி ஆவலாக.

"பாஸு. ஆனா அதுக்குள்ள பாயசம் ஊசிப்போச்சு."

"அப்புறம் என்னதான் சாப்பிட்டு உயிரோட இருந்தாரு?"

கஸ்தூரி சட்டென்று தலையைக் குனிந்தாள்.

"அதான் எனக்கும் தெரியல மேடம். தினம் காலையில வெறும் டிப்பன் பாக்ஸை எடுத்துட்டுப் போவாரு. வெறும் டிப்பன்! சாயந்தரம் திரும்பி வரும்போது அதுல கடலை வாசம் அடிக்கும். கஞ்சி ஒட்டியிருக்கும். எவளோ ஒருத்தி ஆக்கிப் போடுறா, அவ கையால மட்டும் தின்றாருன்னு..." மறுபடி மூக்கைச் சிந்தினாள். "எத்தனை ராத்திரி அழுதிருக்கேன் தெரியுமா? எங்கிட்ட இல்லாத நம்பிக்கை எவ கிட்ட வந்துச்சுன்னு!"

ஆப்ரின் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆனால் கண் எங்கோ போயிருந்தது.

வெறும் டிப்பன்... கடலை வாசம்...

*

பிரவீனா சோதனைக் கூடத்தின் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக் கோட். கலைந்த தலை. ஐயாசாமி இடுப்பிலிருந்த கைவிலங்கை எடுத்து அவளுக்கு எதிரே மேசையில் வைத்தார். ணங்!

அந்தச் சத்தத்தில் அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது.

ஆப்ரின் நிலையத்தில் பதிவாகியிருந்த குரலைப் போட்டுக் காட்டினாள்.

'...பிரவீனா... அவதான் இப்ப... அவதான்...' தடால்!

"செத்துப்போற மனுஷன் கடைசியா உங்க பேரைச் சொல்லியிருக்காரு பிரவீனா. விஷக் குப்பி உங்க அலமாரியில. நேத்து சண்டை வேற. கோர்ட்டுல இதுக்கு மேல எதுவும் கேக்க மாட்டாங்க. கொலைக் கேஸு. கழுத்துக்கு வந்துரும்."

"நான் எதுவும் பண்ணல மேடம்! சத்தியமா!" பிரவீனா கதறினாள். "'அவதான் இப்ப சொன்னா'ன்னு அவரு சொல்ல வந்திருக்காரு! காலையில நான்தான் இன்டர்காம்ல கூப்பிட்டுச் சொன்னேன். 'சார், நம்ம கடலை பிளாங்க்ல நஞ்சு இருக்கு. மூணு மாசமா இருந்திருக்கு'ன்னு. 'என்னா!'ன்னு ஒரு அலறல். ஏதோ விழுந்த சத்தம். போனை வச்சுட்டாரு."

"நில்லுங்க. பிளாங்க்னா என்ன?"

பிரவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேலையைப் பற்றிக் கேட்டதும் குரலில் நடுக்கம் கொஞ்சம் குறைந்தது.

"சுத்தமான கடலைப் பொடி மேடம். இதுல நஞ்சே இல்லன்னு வெளிநாட்டுல சோதிச்சு, டின்னுல சீல் வச்சு அனுப்புவாங்க. மெஷினுக்கு முதல்ல அதைத்தான் காட்டுவோம். 'இதுதான் பூஜ்யம்'னு அது பிடிச்சுக்கும். அப்புறம் வர்ற கடலையை அதோட ஒப்பிட்டு எவ்ளோ நஞ்சுன்னு சொல்லும். டின்னை உடைச்சு அந்தப் பெரிய ஜாடியில கொட்டி வச்சிருக்கோம். அரிசிக்குத் தனி ஜாடி. சோளத்துக்குத் தனி."

கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி. உள்ளே மூன்று ஜாடிகள். கதவில் எண் பூட்டு.

"இந்த நம்பர் யாருக்குத் தெரியும்?"

"டைரக்டருக்கு. யுகேந்திரன் சாருக்கு. எனக்கு."

"சரி, பூஜ்யத்துலயே நஞ்சு இருந்தா என்ன ஆகும்?"

பிரவீனா பதில் சொல்வதற்குள் ஐயாசாமி துள்ளினார்.

"மேடம்! எங்க ரெங்கம் எஸ்டேட்டுல இதேதான்! ரப்பர் பால் எடை போடுற கங்காணி, தராசுல மொதல்ல ஒரு கல்லை வச்சுகிட்டே முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வச்சுருவான். அப்புறம் கல்லை எடுத்துட்டு எங்கப்பா பால் வாளியை வைப்பான். எடை குறைச்சுத்தான் காட்டும்! பாவி, அப்படித்தான் கார் வாங்கினான்!"

"அதேதான் சார்" என்றாள் பிரவீனா. "பூஜ்யத்தைத் தூக்கி வச்சுட்டா, கெட்ட கடலை எல்லாம் நல்ல கடலையா பாஸ் ஆயிடும்."

"எந்தக் கடலை அப்படிப் பாஸ் ஆச்சு?"

"சதாசிவம் கடலை. பாலர் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கடலை உருண்டை செய்யப் போற கடலை மேடம்! மூணு மாசத்துக்கு முந்தி முதல் தடவை வந்தப்போ நான்தான் பார்த்தேன். ஃபெயில். கிட்டவே போக முடியாத அளவுக்கு நஞ்சு. மறு வாரம் யுகேந்திரன் சார் திரும்பப் பார்த்தாரு. பாஸ்! அதுக்கப்புறம் நான் பார்த்தாலும் பாஸ். எனக்குச் சோறே இறங்கல. நேத்து டைரக்டர்கிட்ட போய்ச் சண்டை போட்டேன். 'மெஷின் பொய் சொல்லாது, நீ வாயை மூடு'ன்னாரு. விடிஞ்சதும் வந்து, சீல் உடைக்காத புது டின்னைப் பிரிச்சு அதைப் பூஜ்யமா வச்சேன். ஜாடியில இருக்கிறதைச் சாம்பிளா வச்சேன். மெஷின் கத்துச்சு மேடம்!"

"உடனே டைரக்டருக்குச் சொன்னீங்க."

"அவருகிட்டதானே சொல்லணும்? ஆனா விஷம் வச்சுட்டாங்கன்னு அவரு ஏன் அலறணும்? ஜாடியில நஞ்சு இருந்தா ரிசல்ட்தானே கெடும்? மனுஷனுக்கு என்ன?"

ஆப்ரின் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பிரவீனா, அந்த ஜாடி சீக்கிரம் சீக்கிரம் காலியாகுமா?"

"எப்படி மேடம் தெரியும்?" பிரவீனா வாயைப் பிளந்தாள். "ஒரு டின் ஒரு வருஷம் வரணும். பத்து நாள்ல தீந்துரும்! கடலை, அரிசி, ரெண்டுமே. எலின்னு நினைச்சேன். எலிப்பொறிகூட வச்சுப் பார்த்தேன். மாட்டல."

"மாட்டாது. அந்த எலிக்கு நம்பர் தெரியும்."

ஐயாசாமிக்குப் புரிய இரண்டு விநாடி ஆனது. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உலகத்திலேயே நஞ்சில்லாத சாப்பாடு எது? சீல் வைத்து, சோதித்து, சான்றோடு வருகிற பிளாங்க்! ஊர்ச் சோறு எதையும் நம்பாத டாக்டர் ஹேமநாதன், அரிசிப் பூஜ்யத்தையும் கடலைப் பூஜ்யத்தையும் திருடி, கெட்டிலில் கஞ்சி காய்ச்சி, கதவைச் சாத்திக்கொண்டு மூன்று வேளையும் குடித்திருக்கிறார்! சோதனைக் கூடத்தில் வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதரைத் தவிர, வேறு எவருக்கும் இப்படி ஒரு புத்தி வராது.

அப்போது ஆப்ரினின் கைபேசி அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து.

"சொல்லுங்க டாக்டர்... ம்... அப்படியா?... மூணுமா?... நல்லாப் பார்த்தீங்களா?... சரி. நான் சொல்ற வரைக்கும் இதை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

கைபேசியை உள்ளே வைத்தாள். முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. டாக்டர் என்ன சொன்னார் என்று அவள் ஐயாசாமியிடமே சொல்லவில்லை. நமக்கு மட்டும் சொல்வாளா என்ன?

"சார்ஜன், அந்த விலங்கை எடுத்துக்குங்க. பிரவீனா, நீங்களும் வாங்க."

*

யுகேந்திரன் அதற்குள் டைரக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். சும்மா, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க! மூவரும் நுழைந்ததும் எழுந்தான். பிரவீனாவைப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"ஒத்துக்கிட்டாளா மேடம்? பாவம், நல்லா படிச்ச பொண்ணு."

"கையை நீட்டுங்க யுகேந்திரன்."

"எ... என்னா?"

"ஜாடியில இருந்த கடலைப் பிளாங்க்ல நஞ்சு கலந்தது நீங்க. அந்த ஜாடியிலேர்ந்து எடுத்துத் தின்ன டைரக்டர் செத்துட்டாரு. கொலை! தூக்குல போடுற கேஸு. கையை நீட்டுங்க."

"தின்னாரா? எதை?"

"ஜாடியில இருந்ததை."

யுகேந்திரன் கஞ்சிக் கிண்ணம் இருந்த இடத்தைப் பார்த்தான். கெட்டிலைப் பார்த்தான். ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியது. முகம் வெளிறியது.

"பிளாங்க்கையா? மேடம்... எவனாவது பிளாங்க்கைத் தின்பானா?"

"தின்னிருக்காரே."

"அதான் ஜாடி காலியாகிக்கிட்டே இருந்துச்சா! புது டின்னு கொட்டக் கொட்ட நான் மறுபடி மறுபடி கலக்க வேண்டியதாப் போச்சு! எனக்கு என்ன தெரியும்?" யுகேந்திரன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். சொன்னது என்னவென்று அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது.

ஐயாசாமி கைபேசியில் பதிவு பொத்தானை எப்போதோ அழுத்தியிருந்தார்.

"மறுபடி மறுபடி கலந்தேன்னு சொல்றீங்க. மூணு மாசம் விடாம! திட்டம் போட்டுச் செஞ்ச கொலை. ஜட்ஜுக்கு வேலை சுலபம்."

"கொலை இல்ல மேடம்!" யுகேந்திரன் அலறினான். வாசனைத் திரவியத்தை மீறி வியர்வை நாறியது. "மோசடி! வெறும் மோசடி! சதாசிவம் கடலையையே அரைச்சு ஜாடியில கலந்தேன், அவ்ளோதான்! அதுவும் நானா பண்ணல. ஆர்டர் குடுத்ததே அவருதான்!"

"எவரு?"

"செத்தவரு!"

தன் கைபேசியை எடுத்துத் தட்டினான். ஹேமநாதனின் குரல். மூன்று மாதத்துக்கு முந்தைய குரல் பதிவு.

'யுகேன், சதாசிவம் கடலை பாஸ் ஆகணும்பா. விருது விஷயம் அவர் கையிலதான் இருக்கு. பூஜ்யத்தைக் கொஞ்சம் மேல தூக்கிடு. எப்படித் தூக்குறேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரியவே கூடாது. நாளைக்கு யாராவது கேட்டா நான் சத்தியம் பண்ணணும் பாரு!'

பிரவீனாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. 'வாயை மூடு' என்ற அதே குரல்.

"இதைத்தான் எப்பவும் சொல்வாரு மேடம்" என்றான் யுகேந்திரன் அழுகையோடு. "'செய், எங்கிட்ட சொல்லாத.' கம்ப்யூட்டர்ல மாத்துவேன்னு நினைச்சிருப்பாரு. அதுல மாத்தினா என் பேரோட பதிவாயிடும். அதான் ஜாடியில கலந்தேன். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

சொல்லாதே என்றார். சொல்லவில்லை. இவ்வளவு கீழ்ப்படிதலுள்ள ஊழியன் எந்த டைரக்டருக்குக் கிடைப்பான்?

அந்த நேரம் பார்த்து யுகேந்திரனின் கைபேசியே ஒலித்தது. திரையில் 'சதாசிவம்'. ஆப்ரின் அதைப் பிடுங்கி, சத்தமாக வைத்தாள்.

"யுகேன் தம்பி!" உற்சாகமான குரல். "சனிக்கிழமை டின்னருக்குக் கோழிச் சாத்தே சொல்லிட்டேன். தொட்டுக்கிற கடலைக் குவா நம்ம கடலையிலதான்! செம்மலுக்கு முதல் தட்டு!"

"வணக்கம் சதாசிவம். இன்ஸ்பெக்டர் ஆப்ரின் பேசுறேன். செம்மல் போய்ச் சேர்ந்துட்டாரு. அந்த முதல் தட்டை நீங்களே சாப்பிட்டுக் காட்டணும்."

சதாசிவத்தின் குரல் இறங்கியது.

"மேடம்... எனக்குக் கடலைன்னா ஆகாதுங்க. அலர்ஜி."

"அதுக்குத்தான் பிள்ளைங்களுக்குக் குடுக்குறீங்களா? உங்க கிடங்கை விட்டு ஒரு மூட்டை வெளிய போகக் கூடாது. வாசல்ல என் ஆளுங்க நிக்கிறாங்க. நீங்களும் அங்கேயே இருங்க."

ஐயாசாமி விலங்கைப் பூட்டினார். பிரவீனாவுக்காகக் கொண்டு வந்த விலங்கு யுகேந்திரன் கையில் கச்சிதமாகப் பொருந்தியது.

"மேடம், எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்று கெஞ்சினான் அவன். "கொலைக் கேஸை மட்டும் எடுத்துருங்க. ப்ளீஸ்லா!"

"எடுக்க என்ன இருக்கு?" என்றாள் ஆப்ரின். "கொலையே நடக்கலையே."

"என்னா?"

"அப்பவே ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துருச்சு. விஷத்தால சாகல. இப்போதைக்கு ஈரல் நல்லாத்தான் இருக்காம். இதயத்துலதான் குழாய் மூணும் அடைப்பு. காத்துல கெமிக்கல் இருக்குன்னு பயந்து, வீட்டு வாசல்லேர்ந்து லேப் வாசல் வரைக்கும் கார்லயே உக்காந்திருந்த மனுஷன் இல்லையா? நடந்ததே இல்ல. அதிர்ச்சியில அங்கேயே நின்னுபோச்சு."

யுகேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. நடக்காத கொலையிலிருந்து தப்பிக்க, நடந்த குற்றத்தை எல்லாம் வரிசையாகச் சொல்லி, சாட்சிக்கு எஜமானின் குரலையும் கொடுத்திருக்கிறான்!

"ஏமாத்திட்டீங்க மேடம்!"

"நீங்க பூஜ்யத்தைத் தூக்கினீங்க. நான் கேஸைத் தூக்கிக் காட்டினேன்."

இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். வரவேற்பறையில், 'உங்கள் தட்டுக்கு நான் காவல்' படத்தைத் தாண்டும்போது அவன் அதை எட்டி உதைத்த சத்தம் கேட்டது.

கஸ்தூரி கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மெல்லக் கேட்டாள்.

"அப்ப... எவளும் ஆக்கிப் போடலையா மேடம்?"

"இல்லம்மா. அவரே கஞ்சி காய்ச்சிக் குடிச்சிருக்காரு. திருடித்தான்."

கஸ்தூரி அழுதாள். அழுகைக்கு நடுவே ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததற்காக இன்னும் கொஞ்சம் அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"பிள்ளைங்க தின்னலாம்னு கையெழுத்துப் போட்டாரே... அதே கடலையா மேடம்?"

"அதேதான். பிள்ளைங்க தின்னா பரவாயில்ல. தான் தின்னுட்டோம்னு தெரிஞ்சதும் உசுரு போச்சு."

"நல்லாப் போச்சு!" என்றாள் கஸ்தூரி. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

*

வெளியே வெயில் கொளுத்தியது. வேலை முடிந்த ஷிப்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு தொழிற்சாலை பஸ் போனது. மோட்டார் சைக்கிள்கள் பின்னாலேயே பறந்தன.

பிரவீனா போலீஸ் ஜீப்பின் அருகில் தயங்கி நின்றாள். விலங்கு பூட்டாத மணிக்கட்டையே தடவிக்கொண்டிருந்தாள்.

"மேடம்... நான் சொன்னதைக் கேட்டுத்தானே அவரு... மெதுவாச் சொல்லியிருக்கலாமோ? நான்தான் கொன்னுட்டேனோன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

"இங்க பாருங்கம்மா" என்றாள் ஆப்ரின். "உண்மையைக் கேட்டுச் செத்தவங்களுக்கெல்லாம் கொலைக் கேஸ் போட்டா, ஜொகூர்ல ஜெயில் பத்தாது. நீங்க சொல்லலைன்னா அந்தக் கடலை எத்தனை பிள்ளைங்க வயித்துக்குள்ள போயிருக்கும்?"

"ஏற்கெனவே போயிருக்குமே மேடம். இந்த மூணு மாசத்துல போனது போனதுதானே? இது உடனே தெரியாது. வருஷக்கணக்கா ஈரல்லயே உக்காந்து வேலை செய்யும். எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போச்சுன்னு தேடணும். நாளையிலேர்ந்து அதான் என் வேலை." பிரவீனா மூச்சை இழுத்து விட்டாள். இப்போது குரலில் நடுக்கம் இல்லை.

ஐயாசாமி சட்டைப் பையிலிருந்து காச்சாங் பூத்தே பொட்டலத்தை எடுத்தார். ஒரு கடலையை மேலே வீசப் போனவர், நடுவில் நிறுத்தினார். விரலிடுக்கில் வைத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுபடி பொட்டலத்தில் போட்டார். பொட்டலத்தை மடித்துப் பிரவீனாவிடம் நீட்டினார்.

"தங்கச்சி... இதைக் கொஞ்சம் டெஸ்ட் பண்ணிச் சொல்ல முடியுமா? சின்ன வயசுலேர்ந்து தின்னுகிட்டிருக்கேன்."

"தாராளமாப் பண்ணலாம் சார்ஜன்" என்றாள் பிரவீனா, பொட்டலத்தை வாங்கிக்கொண்டே. "ரிசல்ட்டைக் கேக்க வரும்போது மட்டும், முதல்ல ஒரு நாற்காலியில நல்லா உக்காந்துக்குங்க!"